ஏழு நிமிடத்துக்கு ஒரு முறை

நீங்கள் கொடுத்த தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் சப்பென்று இருக்கிறது, அவ்வளவுதான். குழாய்த் தண்ணீர் அப்படித்தான் இருக்கும். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம்.

என்னை யாரும் கூட்டிவரவில்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நானாகத்தான் பஸ் பிடித்து வந்தேன். என் மாப்பிள்ளை எங்கள் வீட்டுக் கிணற்றில் இறந்து இன்றோடு பதினோரு நாள். மூடிக் கிடந்த கிணற்றில் கெட்ட காற்று, இறங்கியவர் மயங்கி விழுந்தார், விபத்து என்று உங்கள் ஆட்களே எழுதிக்கொண்டு போனார்கள். அதில் தப்பு எதுவும் இல்லை. ஒரே ஒரு சங்கதி விட்டுப்போயிருக்கிறது. அதை இன்றைக்குள் சொல்லியாக வேண்டும். ஏன் இன்றைக்குள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கொஞ்சம் நடந்துகொண்டே பேசட்டுமா? உட்கார்ந்தால் எனக்குக் கால் ஒரு மாதிரி இருக்கிறது.

தகர டப்பா தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் ஓட்டை பார்க்கிற வேலையில் இருந்தேன். டப்பாவைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடிக்க வேண்டும். குமிழி வந்தால் இந்தப் பக்கம், வராவிட்டால் அந்தப் பக்கம். நான் அந்தப் பக்கம் அனுப்பிய டப்பா ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் எழுந்து, இரண்டு கையையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். அன்றைக்குத்தான் எங்கள் கிணற்றை ஒழுங்காகப் பார்த்தேன்.

உறைக் கிணறு. முப்பதடி ஆழம். கோடையிலும் இருபத்திரண்டு அடியில் தண்ணீர் நிற்கும். மேலே சிமெண்ட் பலகை, அதில் ஆள் இறங்குகிற அளவுக்கு ஓர் இரும்பு மூடி. காலையில் ஐந்து ஐம்பதுக்கு மோட்டார் போடுவேன். மாடித் தொட்டி நிறைய இருபத்தைந்து நிமிடம். நிறைகிற சத்தத்தை வைத்தே நிறுத்திவிடுவேன், ஒரு சொட்டு வழியாது. மாதம் ஒரு தரம் பிளீச்சிங் பவுடர், வருஷம் ஒரு தரம் தூர் வாருவது. வீட்டில் யார் குளித்தாலும், யார் சமைத்தாலும், அதற்கு முன்னால் நான் எழுந்திருக்க வேண்டும். அது ஒரு நல்ல ஏற்பாடு.

மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கல்யாணமாகி மூன்று வருஷமாக எங்கள் வீட்டிலேயேதான் இருந்தார். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். நான் கொல்லையிலிருந்து உள்ளே வந்தால் போதும், “என்ன மாமா, சின்னவீடு எப்படி இருக்கா?” என்பார். கிணற்றைத்தான் சொல்வார். என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அப்பா முன்னால் பேசுகிற பேச்சா என்று அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

போன வருஷம் அவர் ஒரு பிரஷர் பம்ப் வாங்கி வந்தார். குழாயைத் திறந்தால் தானாக ஓடும், மூடினால் தானாக நிற்கும். சுவிட்சும் வேண்டாம், ஆளும் வேண்டாம். பழைய மோட்டாரைக் கழற்றிப் படிக்கட்டுக்கு அடியில் வைத்தார். “இனி ஐந்து மணிக்கு எந்திரிக்க வேண்டாம் மாமா, ரெஸ்ட் எடுங்க” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

கிணற்றுக்குள் தொங்குகிற உறிஞ்சு குழாயின் அடியில் ஒரு ஃபுட் வால்வு உண்டு. ஏறின தண்ணீர் திரும்ப இறங்கிவிடாமல் பிடித்துக்கொள்கிற வால்வு. அதையும் புதிதாக வாங்கி அவரே மாட்டினார். நான் குழாய் ஆடக் கூடாது என்று தூர் வாருகிறவரை இறக்கி, சுவரோடு சேர்த்து நாலு இடத்தில் கிளாம்ப் போட வைத்தேன். நாலாவது கிளாம்ப் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே. பலகையில் காற்றுக்காக இரண்டு துளை இருந்தது. கொசு போகிறது என்று அதை சிமெண்ட் வைத்து அடைத்தேன். அது எட்டு மாதத்துக்கு முன்னால்.

புது மோட்டார் இரண்டு மாதம் ஒழுங்காக இருந்தது. அப்புறம் ஒரு மத்தியானம் வீட்டில் எல்லாக் குழாயும் மூடியிருக்க, அதுபாட்டுக்கு ஓடியது. பதினோரு நொடி ஓடி நின்றது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு நிமிடம் கழித்து மறுபடி ஓடியது. அப்புறம் மறுபடி.

எங்கேயோ தண்ணீர் போகிறது என்று அர்த்தம். குழாயில் அழுத்தம் குறைந்தால் மோட்டார் விழித்துக்கொள்ளும். என்னால் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் முதல் கவளத்துக்கு ஓடும். பேப்பரை விரித்தால் ஓடும். ஓடாத நேரம் இன்னும் மோசம். இதோ இப்போது, இதோ இப்போது என்று காது அதிலேயே இருக்கும். சமையலறைக் குழாய், மாடிக் குளியலறை, துணி துவைக்கிற இடம் எல்லாம் பார்த்தேன். மகளுடைய ஃப்ளஷ் டேங்கில் நீல மையைச் சொட்டிவிட்டு, கீழே பீங்கானில் நீலம் இறங்குகிறதா என்று முக்கால் மணி நேரம் குந்தியிருந்து பார்த்தேன். இறங்கவில்லை.

“அப்பா, ஒரே ஒரு நாள் அந்த மோட்டாரை மறந்துட்டு உக்காருங்களேன்” என்றாள் மகள்.

“தண்ணி போகுதும்மா.”

“போகட்டுமே. கடலா வத்திடும்?”

மிச்சம் இருந்தது ஒன்றுதான். அவர் மாட்டிய ஃபுட் வால்வு. சொன்னேன். ஒரு தடவை இல்லை, தினமும் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார், அப்புறம் சிரிக்கவில்லை. அந்த நேரத்தில்தான் எங்கள் தெருவுக்கு நகராட்சிக் குழாய் வருகிறது என்று சேதி வந்தது. அவர் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். குழாய் வந்துவிட்டால் கிணற்றை மண் போட்டு மூடிவிட்டு அங்கே கார் ஷெட் போடலாமாம். வீடு என் பேரில் இருப்பதால் என் கையெழுத்து வேண்டும். நான் பேனாவைத் தேடுவது போல எழுந்து போய்விட்டேன். மூன்று வாரம் அந்தப் பேனாவைத் தேடினேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, மகள் கடைக்குப் போயிருந்த நேரம், அவருக்குப் பொறுமை போய்விட்டது.

“சரி மாமா. நானே இறங்கிக் கிளாம்பைக் கழட்டறேன். குழாயை மேலே இழுத்து உங்க கண் முன்னாடியே வால்வைப் பாப்போம். ஒழுகினா என் தப்பு, கிணறு உங்களுக்கு. ஒழுகலைன்னா இன்னைக்கே கையெழுத்து. சம்மதமா?”

“சம்மதம் மாப்பிள்ளை” என்றேன்.

அவர் அரைக்கால் சட்டை மாற்றவும் ஸ்பேனர் எடுக்கவும் உள்ளே போனார். நான் இரும்பு மூடியைத் திறந்தேன். தூர் வாருகிறவர் ஒவ்வொரு வருஷமும் செய்வதைப் பார்த்திருக்கிறேன். முதல் நாளே மூடியைத் திறந்து போடுவார். இறங்குவதற்கு முன்னால் ஒரு வாளியில் மெழுகுவர்த்தியை நட்டு, ஏற்றி, கயிற்றில் இறக்குவார். அது அணையாமல் அடிவரை போனால்தான் இறங்குவார். அணைந்தால் உள்ளே மூச்சு விடக் காற்று இல்லை என்று அர்த்தம். நானும் வாளியில் மெழுகுவர்த்தியை வைத்து இறக்கினேன். கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு போட்டிருப்பேன். பன்னிரண்டாவது முடிச்சில் அணைந்தது.

மேலே இழுத்து, ஏற்றி, மறுபடி இறக்கினேன். மறுபடி பன்னிரண்டில் அணைந்தது. எந்தச் சோதனையையும் இரண்டு தடவை செய்ய வேண்டும். அது தொழிற்சாலைப் பழக்கம்.

மாப்பிள்ளையின் செருப்புச் சத்தம் கேட்டது. நான் வாளியை மேலே தூக்கி, கிணற்று மேடையில் வைத்து, மெழுகுவர்த்தியை மூன்றாம் தடவையாக ஏற்றினேன்.

விட்டுப்போன சங்கதி இதுதான்.

அவர் வந்து வாளியை எட்டிப் பார்த்தார். “என்ன மாமா, சின்னவீடு உள்ளே வரச் சொல்லிட்டாளா?”

“விளக்கு எரியுதே, மாப்பிள்ளை” என்றேன்.

எரிந்துகொண்டுதான் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை. உள்ளே எரிந்ததா என்று அவர் கேட்டிருந்தால் எரியவில்லை என்று சொல்லியிருப்பேன். என் மனசாட்சிக்கு அது நிச்சயமாகத் தெரியும். அவர் கேட்கவில்லை. சொன்னேனே, பேசுகிறவர், கேட்கிறவர் இல்லை.

“இடுப்புல கயிறு கட்டிக்கவா?” என்று மட்டும் கேட்டார். கயிறு வாளியில் கட்டியிருந்தது, முடிச்சுகள் எல்லாம் அளவு பார்த்துப் போட்டவை. அவிழ்த்தால் மறுபடி அளக்க வேண்டும். “இருபதடிக்கு என்னத்துக்கு?” என்றேன். சிரித்துக்கொண்டே படிக் கம்பிகளைப் பிடித்து இறங்கினார்.

இறங்கும்போது விசில் அடித்துக்கொண்டிருந்தார். பிறகு விசில் நின்றது. “மாமா, தலை ஒரு மாதிரி சுத்துது” என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து பெரிதாக வந்தது.

நான், “நாலாவது கிளாம்புதான், கையை நீட்டினா எட்டும்” என்றேன்.

அவர் எதையோ சொல்ல வந்தார். பிறகு தண்ணீர்ச் சத்தம் கேட்டது. வாளி விழுந்தால் வருகிற அளவுதான்.

ஒரு நிமிடம். இங்கேயும் மோட்டார் ஓடுகிறதா? பின்பக்கமாக. இல்லையா? சரி, விடுங்கள். என் காதுதான்.

நான் ஏன் உடனே கத்தவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த நேரம் பார்த்து மோட்டார் ஓடியது. பதினோரு நொடி. ஆள் இறங்கும்போது மோட்டாரை நிறுத்தியிருக்க வேண்டும்தான், ஆனால் நிறுத்தினால் இடைவெளியை எப்படிக் கணக்கிடுவது? அவர் குழாயைப் பிடித்திருப்பார், வால்வு அசைந்திருக்கும். அடுத்து எப்போது ஓடுகிறது என்று தெரிந்தால் விஷயம் தீர்ந்துவிடும் என்று தோன்றியது. ஆகவே நின்றேன். சரியாக ஏழு நிமிடத்தில் ஓடியது. பிறகு கத்தினேன். நன்றாகவே கத்தினேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். தீயணைப்புக்காரர்கள் அவரை மேலே கொண்டுவந்தபோது ஸ்பேனர் கையிலேயே இருந்தது. கிளாம்ப் கழலவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மோட்டார் ஓடும். “கேக்குதா?” என்று நான் கேட்டேன். பாவம், அதிர்ச்சியில் பேசுகிறார் என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். தூர் வாருகிறவரும் வந்திருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “விளக்கு விட்டுப் பாத்தீங்களாய்யா?” என்றார்.

“பாத்தேன்.”

“எரிஞ்சுதா?”

“மேலே எரிஞ்சுக்கிட்டுதான் இருந்தது.”

அவர் டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

என் தொல்லை தாங்காமல் ஏழாம் நாள் மகள் ஒரு பிளம்பரைக் கூப்பிட்டாள். அவசரக்கார ஆள். வந்ததும் ஒவ்வொரு குழாயாகக் காதை வைத்துப் பார்த்தார். என்னுடைய குளியலறைக்குள் போனார். “பெரியவரே, கொஞ்சம் மை இருக்கா?” என்றார். நானே எடுத்துக் கொடுத்தேன். என்னுடைய ஃப்ளஷ் டேங்கில் நாலு சொட்டு விட்டார். இரண்டு நிமிடத்தில் பீங்கானில் நீலமாக ஒரு கோடு இறங்கியது. சத்தமே இல்லை, முடி அளவுக்கு ஒரு கோடு. வாஷர் தேய்ந்திருக்கிறதாம். அந்த டேங்குக்குப் போகிற தண்ணீரை மூடிவிட்டுப் போனார். அதிலிருந்து மோட்டார் ஓடவில்லை என்கிறார்கள்.

மகள் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அப்பா, உங்க பாத்ரூம்ல நீங்க மை விட்டுப் பாக்கலையா?” என்று கேட்டாள்.

“அதுல பாக்க என்னம்மா இருக்கு? அந்த வாஷர் நான் என் கையால போட்டது” என்றேன்.

அதோடு அவள் என்னிடம் பேசுவதில்லை. தட்டு வைக்கிறாள், எடுக்கிறாள். நேற்று ஃபோனில் பேசுவது காதில் விழுந்தது. நாளைக் காலை இரண்டு லாரி மண் வருகிறது, கிணற்றை மூட.

அதனால்தான் இன்றைக்குள் என்றேன்.

உங்களுக்குச் சட்டம் தெரியும். விபத்து நடந்த கிணறு என்றால் யாரும் மூடலாம். கொலை நடந்த இடத்தை மண் போட்டு மூட முடியாது, இல்லையா? அப்படியானால் கொலை என்றே எழுதுங்கள். மெழுகுவர்த்தி இரண்டு தடவை அணைந்ததைப் பார்த்தேன், மூன்றாம் தடவை ஏற்றிவைத்து என் மாப்பிள்ளையை இறக்கினேன், அவர் செத்துப்போவார் என்று தெரிந்தே இறக்கினேன். அந்த வார்த்தைதான் வேண்டும் என்றால் அதுவே இருக்கட்டும். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? பேனா என்னிடமே இருக்கிறது.

ஆனால் நாலு நாள் மோட்டார் ஓடாததை வைத்து நான் ஒன்றையும் ஒப்புக்கொள்ள முடியாது. நாலு நாள் ஒரு கணக்கா? அந்த வால்வைச் சாட்சிப் பொருளாக வெளியே எடுங்கள். என் எதிரில் தண்ணீருக்குள் அழுத்திப் பாருங்கள். குமிழி வரும். வந்தால் என் மகளிடம் யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், போதும்.

நாலாவது கிளாம்பை இன்னும் கழற்றவில்லை. உங்கள் ஆள் ஒருவர் இறங்க வேண்டியிருக்கும். பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். மெழுகுவர்த்தியை நானே ஏற்றித் தருகிறேன்.