வெளுத்துட்டாரும்மா

மேடம், ஐயோ, அந்த ஸ்விட்சைத் தொடாதீங்க! கையை எடுங்க முதல்ல. இருட்டாத்தான் இருக்கும், கொஞ்ச நேரத்துல கண்ணு பழகிடும். இந்தாங்க, நாற்காலி. உட்காருங்க. எம் பொண்ணு உள்ள ரூம்லதான் படுத்திருக்கா, எங்கயும் ஓடிட மாட்டா. ரெண்டு கண்ணையும் கட்டிக்கிட்டுக் கிடக்கிறவ எங்க ஓடுறது? நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். ஒன்பது நாளா ஆஸ்பத்திரில கண்ணு முழிக்காம கிடந்த எங்க மாப்பிள்ளை, நேத்து வாயைத் திறந்து, எம் பொண்டாட்டிதான் என் மண்டையை உடைச்சாள்னு சொல்லியிருக்காரு. அதுக்கு இவளைப் புடிச்சுட்டுப் போகணும். புடிச்சுட்டுப் போங்க, நான் குறுக்க நிக்கல. நான் சொல்றதை மட்டும் கேட்டுட்டுப் போங்க.

எதைப் பாக்கறீங்க? தொட்டியா? நான்தான் வெச்சிருக்கேன். எனக்கு வேலையே அதுதான் மேடம். ஓட்டல், ஆஸ்பத்திரி, பெரிய ஆபீஸ்னு எங்கெங்க மீன் தொட்டி இருக்கோ அங்கெல்லாம் போய் சுத்தம் பண்ணி, தண்ணி மாத்தி, பாத்துக்கறது. இது கடல் தண்ணி. அதுல இருக்கறது பவளம். ஆமா, உயிர்தான். பூன்னு நினைச்சீங்களா? எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. பூவாவது மண்ணாவது! அதுக்கு வாய் இருக்கு, வயிறு இருக்கு. பக்கத்துல இன்னொண்ணைக் கொண்டாந்து ஒட்டி வெச்சுப் பாருங்க, தன் குடலை வெளிய தள்ளி, அதும் மேல போட்டு, அப்படியே கரைச்சுத் தின்னுடும். காலைல வந்து பாத்தா வெறும் எலும்புதான் மிஞ்சியிருக்கும். இருபது வருஷமா இதுங்க சண்டையை விலக்கி விட்டுக்கிட்டு இருக்கேன்.

மேல இருக்கறது கொசுவலைதான். நாலு மடிப்பு. புது லைட்டு மாட்டி ஆறு நாள்தான் ஆவுது, அதனாலதான். பழைய லைட்டு உடைஞ்சு போச்சு. எப்படி உடைஞ்சுதா? சொல்றேன், சொல்றேன். முதல்ல இதைக் கேளுங்க. புது லைட்டை ஒரேயடியா முழுசாப் போட்டா பவளம் செத்துடும். நாலு மடிப்பு வலையைப் போட்டுட்டு, வாரத்துக்கு ஒரு மடிப்பா எடுக்கணும். தெரியாதவங்க எடுத்த எடுப்புல முழு வெளிச்சத்தையும் காட்டிடுவாங்க. அதுல ஒரு கொடுமை என்னன்னா, முதல் மூணு நாலு நாள் அது அப்படி மின்னும் மேடம். நீலமும் பச்சையுமா, வெச்ச கண்ணு வாங்காம பாக்கலாம். ஆஹா புது லைட்டுல என்ன அழகுன்னு ஆளைக் கூட்டி வந்து காட்டுவாங்க. அது சாகப் போவுதுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் வெள்ளை வெளேர்னு ஆயிடும். நாங்க அதைத்தான் வெளுத்துடுச்சுன்னு சொல்லுவோம்.

கையில கட்டா? அட, இது சூடு பட்டது. எங்க வேலைல இதெல்லாம் பெரிய விஷயமே இல்ல.

எம் பொண்ணும் இதே வேலைதான். கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு ஓட்டல் தொட்டியை அவ கையில ஒப்படைச்சேன். பொறுமைசாலி, என்னை மாதிரி வாய் கிடையாது. கல்யாணம் ஆன புதுசுல இங்க வந்தாள்னா மூஞ்சி பூரா பவுடரு, உதட்டுச் சாயம். அப்படி மின்னுவா. எனக்குப் பெருமை தாங்கல. எம் பொண்ணு புருஷன் வீட்ல என்ன அழகாயிட்டா பாருன்னு மாடி வீட்டு அக்காகிட்ட சொன்னேன். பவுடருக்கு அடியில என்ன இருக்குன்னு பாக்கத் தோணுச்சா எனக்கு? பவளம் மின்னினா பதறிப் போற பொம்பளை மேடம் நான்!

போன மாசம் ஒரு நாள் போன் பண்ணினா. நான் ஒரு பல் டாக்டர் கிளினிக்ல, தொட்டிக்குள்ள தோள் வரைக்கும் கையை விட்டுக்கிட்டு நிக்கறேன். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு என்னடின்னேன். அம்மா, வெளுத்துட்டாரும்மான்னா. அவ்வளவுதான் சொன்னா. அந்த வாரம்தான் அவ ஓட்டல்ல புது லைட்டு மாட்டியிருந்தாங்க. அங்க மானேஜர் ஒரு அவசரக்குடுக்கை. அந்த ஆளுதான் முழு லைட்டையும் போட்டு பவளத்தை வெளுக்க விட்டுட்டான்னு நான் நினைச்சேன். கத்தினேன் மேடம் அவளை. இதுக்கெல்லாமா அழுவ? முதல்ல அப்படித்தான் இருக்கும், போகப் போகப் பழகிடும். நீதான் பக்குவமா நடந்துக்கணும். ஓரமா, நிழலா ஒதுங்கிக்கற மாதிரி பாத்துக்கோ. நேரத்துக்குச் சோறு போடு. எல்லாம் சரியாப் போயிடும். வேலையா இருக்கேன், வைன்னேன்.

சரிம்மான்னா. வெச்சுட்டா.

உங்களுக்குப் புரிஞ்சுதா? புரியுது இல்ல? உங்களுக்கு ஒரு நிமிஷத்துல புரிஞ்சது எனக்குப் புரிய மூணு வாரம் ஆச்சு. அவன் அவளைப் போட்டு வெளுத்திருக்கான் மேடம். பெல்ட்டால. பாத்ரூம்ல உட்கார்ந்து, ரத்தத்தைத் துடைச்சுக்கிட்டு, பெத்தவகிட்ட சொல்லியிருக்கா. பெத்தவ என்ன சொன்னா? சோறு போடு, பழகிடும்னா. அப்புறம் அவ ஏன் எனக்குப் போன் பண்ணுவா? நான் சொன்னபடியே ஓரமா ஒதுங்கி நின்னிருக்கா. அவனும் தினம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தியிருக்கான். மொதல்ல வெறும் கை, போன் பண்ணின அன்னிக்குப் பெல்ட்டு, அப்புறம் குக்கர் மூடி. அந்த மூடிதான் கண்ணுல பட்டுச்சு.

அவன்னு சொல்றேனா? ஆமா. இவ்வளவு நேரம் மரியாதை குடுத்ததே ஜாஸ்தி.

கண்ணுக்குள்ள ரத்தம் கட்டிக்கிச்சு. டாக்டரம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? கட்டு பிரிக்கக் கூடாது, அறையில வெளிச்சமே ஆகாது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் பழக்கணும்னாங்க. எனக்கா சொல்லித் தரணும்? இங்க கூட்டி வந்து, ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டினேன்.

ரெண்டாம் நாளே வந்துட்டான். மத்தியானம். அப்போதான் தொட்டி லைட்டை அணைச்சு, உப்பு படிஞ்சிருக்குன்னு கழட்டி ஸ்டூல் மேல வெச்சிருந்தேன். மன்னிச்சுக்கோங்க அத்தை, ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்னான். நான் விட்டேன். அதையும் எழுதிக்கோங்க, நான்தான் உள்ள விட்டேன். போனவன் எல்லா லைட்டையும் போட்டான். போர்வையைப் புடுங்கிப் போட்டான். என்னடி நடிக்கறியான்னு கேட்டுக் கட்டைப் பிச்சான். தலைமுடியைப் புடிச்சு நிமித்தி, போன்ல இருக்கற டார்ச்சைப் போட்டு அந்தக் கண்ணுக்கு நேரா புடிச்சான் மேடம். அவ கத்தின கத்து இன்னும் என் காதை விட்டுப் போகல. அவ எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் டார்ச்சைத் திருப்பினான். சிரிச்சுக்கிட்டே.

அப்புறம் என்ன, வாசல் வரைக்கும் அவனாத்தான் நடந்து போனான். படியில உருண்டான். மாடி வீட்டு அக்கா வந்து பாத்துட்டு, தடுக்கி விழுந்துட்டாரான்னு கேட்டாங்க. ஆமான்னேன். ஒன்பது நாளா எல்லாரும் அதைத்தான் நம்பறாங்க.

நீங்க கெட்டிக்காரங்க. படியில விழுந்தவன் கன்னத்துல தீக்காயம் எப்படி வந்துதுன்னு கேக்கறீங்க பாருங்க. பொண்டாட்டி அடிச்சாள்னு எதுக்குச் சொல்லியிருக்கான் தெரியுமா? ஐம்பத்தி ரெண்டு வயசு மாமியார்கிட்ட அடி வாங்கினேன்னு சொல்ல அவனுக்கு வெக்கம். அதோட இவளையும் உள்ள தள்ளிடலாம்.

பழைய லைட்டு எப்படி உடைஞ்சுதுன்னு கேட்டீங்கல்ல? அவன் மண்டைலதான். எட்டு கிலோ, இரும்புக் கூடு. அணைச்சு அஞ்சு நிமிஷம்கூட ஆகல, கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. வெறும் கையாலதான் தூக்கினேன். மொதல் அடிக்கே டார்ச் கீழ விழுந்துடுச்சு. நான் நிறுத்தல. மூணு அடி. கொஞ்சம் கொஞ்சமா இல்ல மேடம், எடுத்த எடுப்புல முழுசா. எவ்வளவு பலம் இருந்துதோ அவ்வளவும். அது பால்கனியில கோணிக்குள்ள கிடக்கு. முடியும் ரத்தமும் ஒட்டியிருக்கு, நான் கழுவல. என் கை ரேகையும் அதுலதான் இருக்கும், எடுத்துக்கோங்க.

செருப்பை மாட்டிக்கறேன், போலாம். மாடி வீட்டு அக்கா வந்து இவளைப் பாத்துக்குவாங்க, காலைலயே சொல்லி வெச்சுட்டேன். ஒரே ஒரு உதவி மேடம். நான் பக்கத்துல போனா அவளும் எந்திரிச்சு வரேன்னு நிப்பா, நீங்களே கதவோரமா நின்னு சொல்லிடுங்க. வெள்ளிக்கிழமை அக்காவை விட்டு வலையில ஒரு மடிப்பு எடுக்கணும், ஜன்னல்ல ஒரு போர்வை எடுக்கணும். ஒண்ணு ஒண்ணுதான். அப்புறம், அன்னிக்குப் போன்ல அம்மா சொன்னது உனக்கில்ல, பவளத்துக்குன்னு சொல்லுங்க. ஒன்பது நாளா நானே சொல்லலாம்னு பாக்கறேன், வாய் வரல.