லியோட்டா வீட்டு மஞ்சள் அட்டை

“எதையெல்லாம் துவைக்கப் போட்டீங்க?”

“எல்லாத்தையும்தான். ஆறு அங்கியும் ஒரே கூடையில—”

“லியோட்டாகிட்டயா அண்ணி? அதுல ரத்தம்—”

“ரத்தம் இருந்ததாலதான் போட்டேன். வெறும் மண்ணெண்ணெய்ப் புகைன்னா நானே அலசியிருப்பேன். ரத்தக்கறை எடுக்க எனக்கு வராது. அவளுக்கு வரும்.”

“நெஜமாவே புரியலையா, இல்ல புரியாத மாதிரி—”

“குரலைத் தாழ்த்து ஹெஸ்டர். ஜன்னல் திறந்திருக்கு.”

ஹெஸ்டர் என் கணவரின் தங்கை. எங்களுக்குள் சண்டை வந்ததே அபூர்வம். இந்தச் சண்டையும் துணி துவைப்பது பற்றித்தான். 1924 ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை. எங்கள் ஊரில் திங்கள் என்றால் துவைக்கும் நாள். துணிக் கூடைகள் ரயில் தண்டவாளத்தைக் கடந்து கறுப்பர்கள் தெருவுக்குப் போகும், வியாழனன்று இஸ்திரி போட்டுத் திரும்பி வரும். நான் வழக்கம் எதையும் மாற்றவில்லை.

நீங்கள் கல்லூரியிலிருந்து வந்து கேட்பது, வெள்ளை அங்கியும் முகமூடியும் போட்ட எங்கள் வெள்ளையர் சங்கத்தின் வரலாறு. கேட்டுக்கொள்ளுங்கள். என் பெயர் வெர்னீஸ் ஸ்டாக்ஹவுஸ் என்றே எழுதிக்கொள்ளலாம். இந்த ஊரில் வேறு யாரிடம் கேட்டாலும், தங்கள் வீட்டில் அங்கியே இருந்ததில்லை என்பார்கள். பின்னாளில் சங்கத்தின் மாநிலத் தலைவர் ஒரு பெண் விவகாரத்தில் சிறைக்குப் போனதும் எல்லார் வீட்டு அடுப்பும் வெள்ளைத் துணியாகத் தின்றது. நான் எரிக்கவில்லை, மறைக்கவும் இல்லை. மகளிர் பிரிவுக்கு நான்தான் தலைவி.

சங்கம் எங்கள் ஊருக்கு 1922இல் வந்தது. நல்ல கோட்டு போட்ட ஒரு மனிதர் மாநிலத் தலைநகர் இண்டியானாபொலிஸிலிருந்து வந்து போதகரைப் பார்த்தார். அடுத்த ஞாயிறு போதகர் எங்களுக்காக ஜெபித்தார். அவ்வளவுதான். உங்கள் வயதுக்காரர்கள் எரியும் சிலுவையை மட்டும் படத்தில் பார்க்கிறீர்கள். எங்களுக்கு அது பொரித்த கோழி, செர்ரி பை, பேண்டு வாத்தியம், பெண்களுக்கு மூன்று கால் ஓட்டப் பந்தயம். குழந்தைகளுக்குக் குட்டி அங்கி தைத்துப் போட்டு ஞானஸ்நானம் கொடுத்தோம். ஊரில் பாதிப் பேர் இருந்தார்கள். மீதிப் பாதி, தங்களைச் சேர்க்கவில்லையே என்றிருந்தார்கள்.

ஆண்கள் முகமூடி மாட்டிக்கொண்டு அணிவகுத்தார்கள். வேலை செய்தது நாங்கள். எங்களிடம் தொலைபேசி இருந்தது. ஒரே கம்பியில் பதினோரு வீடு. ஒருத்தி பேசினால் பத்துப் பேர் காது கொடுக்கலாம். என் குழுவில் ஆறு பெண்கள். அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். யாரைப் பற்றியும் எதையும் சொல்லாதீர்கள், கேளுங்கள். சொன்னால் பொய்யாகும். கேட்டால் அக்கறையாகும்.

ஜவுளிக்கடை ஏபல்மன் என்று ஒரு யூதர் இருந்தார், பதினெட்டு வருஷமாக. “அவர் கடையில துணி போட்டுப் பாக்குற அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லையாமே?” என்று கேட்டோம். ஆறே வாரத்தில் சிகாகோவுக்கு ரயில் ஏறினார். தாழ்ப்பாள் இருந்தது. நானே போட்டிருக்கிறேன். கத்தோலிக்க டீச்சர் டெலஹன்டுக்கு அவ்வளவு நாள்கூடத் தேவைப்படவில்லை.

முகத்தைச் சுளிக்காமல் எழுதுங்கள். சுளித்தால் எழுத்து கோணும்.

ஏமஸ் டிப்ஸ் கதைக்கு வருகிறேன். செங்கல் சூளையில் வேலை பார்த்த கறுப்பன். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், எங்கள் பக்கம், ஒரு மனை வாங்கினான். விற்றவன் வெளியூர்க்காரன், விவரம் தெரியாதவன். ஏமஸுக்கு இரண்டு முறை நல்லவிதமாகச் சொல்லியனுப்பினார்கள். அவன் மனையைச் சுற்றி வேலி போட்டான். சனிக்கிழமை மாலை ஆறு பேர் அவனை ஊருக்கு வெளியே சரளைக் குழிக்குக் கூட்டிப்போனார்கள். என் கணவர் எவரெட், ஹெஸ்டரின் கணவர் ஃபிளாய்ட், இன்னும் நால்வர். அடுத்த வெள்ளிக்கிழமை அவன் செத்துப்போனான். புத்தி சொல்லத்தான் போனோம் என்றார் எவரெட். அவர் தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர், இரும்புக்கடை வைத்திருந்தவர். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

அங்கிகள் கடையின் பின்னறையிலிருந்து என்னிடம் வந்தன. நான் லியோட்டா கெய்ன்ஸிடம் அனுப்பினேன். எங்கள் வீட்டுக்குப் பன்னிரண்டு வருஷமாகத் துவைத்தவள். என் பிள்ளைகளின் அணையாடைகளை, என் மாமியார் சாகக் கிடந்தபோது படுத்த விரிப்புகளை எல்லாம் அவள்தான் துவைத்தாள். அவள் முன்னால் நாங்கள் எதையும் பேசுவோம். நாற்காலிக்கு முன்னால் பேசுவதில்லையா, அப்படி.

சங்கத்தின் விதி, அங்கியில் பெயர் இருக்கக் கூடாது. ஆறும் ஒரே வெள்ளை, ஒரே அளவு. துவைத்து வந்தால் யாருடையது எதென்று எப்படித் தெரியும்? ஃபிளாய்டுக்கு வியர்வை நாற்றம் அதிகம். அவன் அங்கியை எவரெட் போட நேர்ந்தால் என்னால் தாங்க முடியாது. எல்லா வீட்டுத் துணிக்கும் லியோட்டா கழுத்துப் பட்டியில் சிவப்பு நூலால் குறி தைப்பாள். ஆகவே கூடையை அவளிடம் கொடுக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, இது இவருடையது, இது அவருடையது என்று நானே சொல்லி அனுப்பினேன். அவள் தலையாட்டிக்கொண்டாள். ஒரு அங்கியின் கைப்பகுதியை மட்டும் கொஞ்ச நேரம் பிடித்தபடி நின்றாள்.

ஹெஸ்டர் அதற்குத்தான் அன்று சண்டை போட்டாள். எவரெட் சண்டை போடவில்லை. மாட்டிறைச்சியை நறுக்கிக்கொண்டே, “நாங்க மூஞ்சிய மூடிட்டுப் போனோம். நீ பேர் தைச்சுக் குடுத்துட்ட. அடுத்த தடவை போட்டோ பிடிச்சு வெச்சுக்க வெர்னி” என்றார். பிறகு, “உருளைக்கிழங்கு இன்னும் இருக்கா?” என்று கேட்டார்.

வியாழனன்று கூடை வந்தது. ஐந்து அங்கிகள், நன்றாகக் கஞ்சி போட்டு. எவரெட்டுடையது இல்லை. கறை போகவில்லை, ஊறப் போட்டிருக்கிறேன் என்று லியோட்டா சொல்லியனுப்பியிருந்தாள். பன்னிரண்டு வருஷத்தில் அவளால் போகாத கறையை நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் நகரத்திலிருந்து ஒரு வழக்கறிஞர் வந்தார். ஏமஸ் டிப்ஸின் சாவு பற்றி மாவட்ட நீதிமன்றத்தில் விசாரணையாம், சாட்சி லியோட்டாவாம். அதற்கடுத்த வியாழக்கிழமை பத்து மணிக்கு, கையில் அங்கியுடன். அந்த ஆள் கடைத்தெருவில் நாலு பேர் முன்னால் அவளை “திருமதி கெய்ன்ஸ்” என்று கூப்பிட்டாராம். கறுப்புப் பெண்ணை எங்களில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை; தபாலாபீஸில் அன்று வேறு பேச்சே இல்லை. ஃபிளாய்ட் தன் ஆட்களோடு அவள் வீட்டுக்குப் போகிறேன் என்றான். நான்தான் தடுத்தேன், எழுதிக்கொள்ளுங்கள். இன்னொரு சரளைக் குழி வேண்டாம், எனக்கு ஒரு காலைப்பொழுது போதும் என்றேன்.

விசாரணை வாரத்தின் திங்கள் காலை எட்டு மணிக்குத் தொலைபேசியை எடுத்தேன். “லியோட்டா வீட்டுல யாருக்கோ தொண்டை அடைச்சிருக்காமே? நம்ம துணியெல்லாம் அங்கதானே ஊறுது?”

வேறொன்றும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் முன்னால்தான் தொண்டை அடைப்பான் நோய் எங்கள் ஊரில் ஏழு குழந்தைகளைக் கொண்டுபோயிருந்தது. பதினொரு மணிக்குள் பெண்கள் சுகாதார அதிகாரி ஆர்வில் கிரெப்ஸின் வாசலில் நின்றார்கள். அவரும் சங்கத்தவர்தான், ஆனால் நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, தேவைப்படவில்லை. மதியம் அவர் போய் லியோட்டாவின் கதவில் தொற்றுநோய் வீடு என்று அறிவிக்கும் மஞ்சள் அட்டையை அடித்தார். உள்ளே போய் யார் தொண்டையையும் பார்க்கவில்லை. அட்டை அடித்த வீட்டிலிருந்து ஒருவரும் வெளியே வரக் கூடாது, வெளியார் உள்ளே போகக் கூடாது. வேலிக் கதவருகே காவலுக்கு ஓர் ஆள். வீட்டிலிருக்கும் துணியையெல்லாம் முற்றத்தில் போட்டு எரிக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். எரித்தார்கள். சாட்சியும் அடைபட்டது, அங்கியும் போனது. யாரும் யார் மேலும் கை வைக்கவில்லை.

சாயங்காலம் ஹெஸ்டர் வந்தாள்.

“டெஸ்ஸிக்கு இது நிறைமாசமாச்சே அண்ணி.”

“எந்த டெஸ்ஸி?”

“லியோட்டா பொண்ணு. போன வாரம் உங்க வாசல்ல கூடையை இறக்க முடியாம நின்னாளே. நீங்கதானே மோர் குடுத்தீங்க.”

“மூணு நாள்தான். வெள்ளிக்கிழமை எடுத்துருவாங்க.”

“குழந்தை வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்குமா?”

“முதல் குழந்தை எப்பவும் தாமதமாத்தான் வரும்” என்றேன். என் அனுபவத்தில் அது உண்மை. ஹெஸ்டர் அதற்குப் பிறகு எங்கள் கூட்டங்களுக்கு வரவில்லை. முதுகு வலி என்றாள்.

செவ்வாய் காலை டெஸ்ஸிக்கு வலி கண்டது. பத்தொன்பது வயது, முதல் பிரசவம், குழந்தை குறுக்கே கிடந்தது. அவர்கள் தெரு மருத்துவச்சி பையோடு வந்தாள். காவலாள் வேலியிலேயே திருப்பி அனுப்பினான். எங்கள் டாக்டர், அட்டை எடுத்த பிறகு வருகிறேன் என்றார். அவருக்கும் வீட்டில் குழந்தைகள் இருந்தார்கள், குறை சொல்ல முடியாது. வியாழன் காலை, விசாரணை தொடங்க இருந்த நேரத்தில், டெஸ்ஸி செத்தாள். குழந்தையும். நீதிபதி சாட்சியைக் கூப்பிட்டார், சாட்சி வரவில்லை, ஆதாரமில்லை என்று வழக்கைத் தள்ளினார். ஆறு பேரும் பகல் சாப்பாட்டுக்கு வீடு வந்தார்கள். வெள்ளியன்று கிரெப்ஸ் அட்டையைக் கழற்றினார், நோய் எதுவும் காணப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இலையுதிர்காலத்துக்குள் லியோட்டா ஊரை விட்டுப் போய்விட்டாள். எங்கே என்று எனக்குத் தெரியாது. யாரும் அவளிடம் துணி போடவில்லை, பிறகு என்ன செய்வாள்?

நான் செய்தது ஒரு கேள்வி கேட்டதுதான். அந்தக் கேள்வியால்தான் என் கணவரும் இன்னும் ஐந்து குடும்பத் தலைவர்களும் சிறைக்குப் போகாமல் பிழைத்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது ஊரில் இருபத்திரண்டு பேர். பிரசவம் என்பது கடவுளின் கையில் இருக்கிறது. அந்த வாரம் அந்தத் தெருப் பக்கமே நான் போகவில்லை என்று நாற்பது வருஷமாக எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். ஹெஸ்டர் சாகும்போதும் கேட்டாள், அப்போதும் அதையேதான் சொன்னேன்.

போனேன். உங்களிடம் சொல்வதற்குக் காரணம், நீங்கள் யாரோ. உங்களை நான் மறுபடி பார்க்கப் போவதில்லை.

புதன்கிழமை பகல் மூன்று மணி. அட்டை அடித்த எந்த வீட்டுக்கும் எங்கள் பெண்கள் சூப் கொண்டுபோய் வேலித் தூணில் வைப்பது வழக்கம். அந்த வாரம் ஒரு நாள் என் முறை. லியோட்டா வீட்டுக்கு வைக்காவிட்டால் நோய் இருப்பதை நானே நம்பவில்லை என்று ஆகிவிடும். ஆகவே கோழி சூப், தடித்த நூடுல்ஸ் போட்டது, மூடிபோட்ட பாத்திரத்தில். காவலாள் தொப்பியைத் தொட்டு வணங்கி, நிழல் பார்த்து எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டான்.

லியோட்டா படியிறங்கி முற்றத்தின் பாதி வரை வந்தாள். துணி எரித்த கரி வட்டத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாள். முழங்கை வரை சோப்பு போட்டுத் தேய்த்த கைகள். அவள் அழவில்லை. துவைக்கும்போது கெட்டுப்போன துணியைப் பற்றிச் சொல்வாளே, அதே குரல்.

அங்கி எரிந்துவிட்டது, தன்னிடம் காட்ட ஒன்றுமில்லை என்றாள். நீதிமன்றத்துக்கு வரப்போவதில்லை, பைபிள் மேல் கை வைத்துச் சொல்கிறேன் என்றாள். ஏமஸ் தன் அக்கா மகன், ஆனாலும் அவன் பெயரை இனி எடுக்க மாட்டேன் என்றாள். அது எனக்குப் புதுச் செய்தி. பன்னிரண்டு வருஷத்தில் அவளுக்கு ஓர் அக்கா இருப்பதை நான் கேட்டதில்லை.

“கிரெப்ஸ் ஐயாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்மா. மருத்துவச்சி தெருமுனையில காத்துட்டு நிக்கிறா. அட்டையைக் கழட்டக்கூட வேணாம். காவலாளை ஒரு மணி நேரம் காப்பி குடிக்க அனுப்பச் சொல்லுங்க.”

அவள் சொன்னது நடக்கக்கூடியதுதான். வீட்டுக்கு நடந்து போக ஏழு நிமிஷம். தொலைபேசியைச் சுழற்ற அரை நிமிஷம். அவள் நீதிமன்றம் போக மாட்டாள் என்பதையும் நான் நம்பினேன், லியோட்டா சொன்ன சொல் தவறியதில்லை. அப்படியென்றால் எங்கள் காரியம் முடிந்துவிட்டது. அட்டைக்கு வேலையே இல்லை. ஆனால் நோய் இல்லாத வீட்டில் அட்டை அடித்தது எப்படி என்று நாளைக்கு ஒருத்தி கேட்பாள். கேள்வி எங்கே போய் நிற்கும் என்று என்னைவிடத் தெரிந்தவர்கள் ஊரில் இல்லை.

பாத்திரத்தைத் தூணின் மேல் வைத்தேன். மூடி சரியாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன். “நோய் இருக்கிற வீட்டுக்கு நாங்க ஆள் அனுப்ப முடியாது லியோட்டா. டெஸ்ஸி தொண்டைக்குச் சூடா இதைக் குடு” என்றேன்.

அவள் சூப்பைப் பார்க்கவில்லை. பின்னால் ஜன்னல் திறந்திருந்தது. அங்கிருந்து சத்தம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. எதிர்ப்பக்கம் நின்ற காவலாள்கூடத் திரும்பிப் பார்த்தான். லியோட்டா அந்த ஜன்னலை நோக்கித் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அவ தொண்டை நல்லாத்தாம்மா இருக்கு. உங்களுக்கே கேக்குதில்ல?”