மகளுக்குத் தாகமே எடுக்காத ஊர்

பழவங்காடியில் நான் ஏறிய விழிஞ்ஞம் பஸ்ஸில், எனக்குப் பின் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்தார்கள். அவருக்கு ஆரியசாலைச் சந்தையில் மிளகாய்க் கடை வேலை போலிருக்கிறது. அவர் துண்டை உதறியதும் எனக்குத் தும்மல் வந்தது.

“தென்காசிக்கே போயிருவோம். துறைமுகம் வந்த பொறவு இங்க வாடகை கொடுத்து மாளல, கேட்டியா? அங்கன்னா இதே வாடகைக்குத் தனி வீடே கிடைக்கும்.”

“போலாம். ஆனா அங்க போனா நம்ம மோளுக்குத் தாகமே எடுக்காது.”

“என்ன சொல்லுத நீ?”

“தென்காசியில உங்க தங்கச்சி மக கல்யாணத்துல, நம்ம மோளு பந்தியில உக்காந்து, இங்க மலையாளம் பேசுற பழக்கத்துல, தண்ணிக்கு ‘எனக்குக் கொஞ்சம் வெள்ளம் தாங்க’ன்னு கேட்டுட்டா. ‘வெள்ளமா? எந்த ஆத்துல வந்துச்சு?’ன்னு ஒருத்தி கேக்க, பந்தியே சிரிச்சுது. நீங்க அப்ப வெளிய நின்னீங்க.”

“விளையாட்டுக்குச் சொல்லியிருப்பாவ.”

“விளையாட்டுதான். நானும் சேந்து சிரிச்சேன். ஆனா அதுக்குப் பொறவு அவ தண்ணி கேக்கவே இல்ல. மறுநாளு ஊருக்குத் திரும்புறப்ப, பஸ் எல்லை கடந்து, ஆரியங்காவு தாண்டி ஒரு சாயாக்கடையில நின்னுச்சு. அங்கதான் இறங்கிப் போயி, மலையாளத்துல கேட்டு வாங்கிக் குடிச்சா. ரெண்டு கிளாஸ். எனக்கு அப்பதான் விளங்குச்சு.”

பின்னால் அந்த அம்மாள் மூக்கை உறிஞ்சும் சத்தமும், பாட்டில் மூடியைத் திருகும் சத்தமும் கேட்டன.

“சரி, அழாத. இந்தா, வெள்ளம் குடி.”