மாப்பிள்ளை காரின் உள் லைட்

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் புறப்பட்ட பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெரியவர்கள். மூத்தவரின் மடியில் பழைய மொரிஸ் மைனர் காரின் கூரை விளக்கு, துணியில் சுற்றியபடி இருந்தது.

“எஞ்சின் இருமினா இருமட்டும். உள் லைட் எரியாம எண்ட கார் றோட்டுக்கு இறங்காது,” என்றார் அவர்.

இளையவர் அவரை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்றழைத்துச் சிரித்தார். “நாளைக்குப் பகல்ல மாப்பிள்ளைய ஏத்திட்டு வாறதுக்கு என்னத்துக்குக் காக்கா உள் லைட்? பிரேக்கைப் பாருங்க.”

“நீயாடா கேக்கிற? அண்டைக்கு ராவு துவக்கை நீட்டிக்கிட்டு நிண்டது ஆரு?”

யுத்த காலத்து இரவு அது; எந்த ஆண்டென்று இருவரும் சொல்லவில்லை. இளையவரின் குரல் தாழ்ந்தது.

“நான்தான். ஊர்காவல் படையில புதுசு. சென்றிக் காவலரணுக்கு வாற கார் முன் லைட்ட அணைச்சிட்டு உள் லைட்டப் போடணும். ஒங்கட கார் இருட்டாவே வந்திச்சி. விரல் விசையில காக்கா.”

“வயர் கழண்டிருந்திச்சி. கூரையில ஓங்கிக் குத்தினன், எரிஞ்சிச்சி.”

“பின்சீட்டில மதினி வயித்தைப் பிடிச்சிக்கிட்டுக் கிடந்தாங்க. உடனே துவக்கை இறக்கிட்டன். ஆஸ்பத்திரி வரைக்கும் சைக்கிள்ள முன்னுக்குப் போய், எல்லாச் சென்றியையும் திறக்க வெச்சன்.”

“அண்டைக்குப் பொறந்தவள்தான் நாளைக்குக் கல்யாணப் பொண்ணு.”

இளையவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப மாப்பிள்ள காருக்கு முன்னால நாளைக்கும் நான்தான் போவன். மோட்டார் சைக்கிள்ள.”

“சைக்கிள் போதும்டா. கார் அதுக்கு மேல ஓடாது.”