காவினுக்குப் போகும் கை

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் மூக்கு நீண்ட பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் மீன்பிடிக்கிற இளைஞர்கள் இருவர் இருந்தார்கள்.

“மச்சான், கடல் பொங்கினாலும் நடுங்காத கை, இப்ப சோத்தப் பிசையவே நடுங்குதுடா.”

“வெள்ளிக்கிழமை உனக்குக் கலியாணம். நடுங்காம என்ன செய்யும்?”

“ஓம், நீ சிரி. காவின்ல கலியாண ஒப்பந்தத்தச் சொல்லி முடியும்வரைக்கும் மாமாட கையப் பிடிச்சிருக்கணும். இவனுக்கு வலிப்பெண்டு அவர் நெனச்சா?”

“கரவலை இழுக்கக்குள்ள நடுங்கல்லயே?”

“அது கன பேர் சேந்து பிடிக்கிற கயிறு. இது நான் தனியப் பிடிக்கிற கை.”

அவர்களுக்கு முன்னால், சால்வையால் தலையை மூடித் தூங்கிக்கொண்டிருந்தவர் திரும்பினார். மாப்பிள்ளை எழும்பிய வேகத்தில் தலை கூரையில் இடித்தது.

“மாமா!”

“இரிங்க மகன். தனிய எங்க? மத்தப் பக்கம் நான்தானே பிடிக்கப் போறன்? மகளக் குடுக்கப் போற எனக்கும் நித்திரையே இல்ல.”

அவர் நீட்டிய கையும் நடுங்கியது.

“பிடிங்க. இப்பயே பழகிக்குவம்.”

டிக்கெட் கேட்டு வந்த கண்டக்டருக்குத் தோழன்தான் காசு கொடுத்தான். மற்ற இருவருக்கும் கை ஒழியவில்லை.