ஐந்து நாள் மாத்திரை

— உன் பக்கம் பெஞ்சு வழியுது. என் பக்கம் ஃபேன் மட்டும் சுத்துது. அப்படி என்னதான் கொடுக்கற, டாக்டரம்மா?

— கதவைச் சாத்திட்டுப் பேசு அண்ணா. வெளியே கேட்கும்.

— கேட்கட்டும். ரெண்டு பேரும் காது டாக்டருங்கதானே. அப்பா நடுவுல ஒரு பலகையை அடிச்சு ஆஸ்பத்திரியைப் பிரிச்சுக் கொடுத்தார். வர்ற ஜனத்தைப் பிரிச்சுக் கொடுக்கல.

— இப்ப உனக்கு என்ன வேணும்?

— அந்த பஸ் டிரைவர் பொண்ணு. நடுக்காதுல தொற்று வந்து, போன பிறகும் நீர் தேங்கி நின்னுச்சே... முதல்ல என்கிட்டதான் வந்தாங்க. இன்னிக்கு உன் வாசல்ல அப்பன் கூப்பிட்டதும் டக்குன்னு திரும்பறா.

— நல்லதுதானே.

— ஸ்டீராய்டு மாத்திரைதானே கொடுத்த?

— ஸ்டீராய்டா? ஹஹ்ஹா!

— சிரிக்காத. இதுக்கு அதால நிலைச்ச பலன் இல்லைன்னு மாநாட்டுல முக்கால் மணி நேரம் பேசினவன் நான்.

— தெரியும். முழிச்சிருந்த மூணு பேர்ல நானும் ஒருத்தி.

— எத்தனை நாளைக்குக் கொடுத்த? அஞ்சா?

— ஏன், அளவு சரிபார்க்கறியா?

— சேச்சே... சும்மா தெரிஞ்சுக்கலாம்னு...

— அது கிடக்கட்டும். உன் மக எப்படி இருக்கா? தூக்கமே இல்லையாம். தட்டு காலியாக காலியாகக் கேட்கறாளாம். தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழறாளாம். அண்ணி போன்ல அழுதாங்க.

— வளர்ற புள்ள.

— நாலு நாள்லயா வளர்ந்துட்டா? அவளுக்கும் காதுல நீர் நிக்குதாமே.

— உங்க அண்ணிக்கு வாய் சும்மா இருக்காது.

— அண்ணா... டிரைவர் பொண்ணுக்கு நான் மருந்தே கொடுக்கல. மூணு மாசம் பொறுங்க, தானா வத்திடும்னு சொன்னேன்.

— அதையேதான் நானும் சொன்னேன்.

— நீ குனிஞ்சு சீட்டு எழுதிக்கிட்டே சொன்ன. நான் அவ முகத்தைப் பார்த்துச் சொன்னேன். முன் வரிசைல உட்கார வைங்கன்னு டீச்சருக்கு நாலு வரி எழுதிக் கொடுத்தேன். அவ்வளவுதான். காத்திருந்தாங்க, வத்திடுச்சு. இப்ப நீ சொல்லு. தூக்கம் கெட்டு, பசி ஏறி, எரிஞ்சு விழறதெல்லாம் ஸ்டீராய்டு வேலைதானே? உன் மகளுக்கு அதைக் கொடுக்க ஆரம்பிச்சு எத்தனை நாளாச்சு?

— நாலு... நாளையோட அஞ்சு.

— வேண்டாம்னு முக்கால் மணி நேரம் பேசின மனுஷன். ஏன் அண்ணா?

— நாளன்னிக்கு அவளை உன்கிட்ட கூட்டிட்டு வரப்போறேன்னு உங்க அண்ணி சொல்லிட்டா. என் பொண்ணு போய் உன் பெஞ்சுல உட்கார்றதுக்குள்ள... அவளுக்குக் கேட்டுடணும்னு பார்த்தேன்.