மணலில் ஒரு கீரித் தடம்

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில், புதுக் காக்கிச் சட்டையில் இரண்டு இருளர் பெண்கள். காட்டுக் காவல் வேலைக்கான பயிற்சி முடிந்து, அன்று காலைதான் தேர்வு எழுதியிருக்கிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது. சின்னவள் சொன்ன ஒன்றைக் கேட்டுத்தான் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“கீரித் தடத்துக்கு நான் ‘சார்’னு எழுதிட்டேன்க்கா.”

“இன்னாடி சொல்ற?”

“மணல்ல தடத்தைக் காட்டி, இது எந்த மிருகம்னு கேட்டாங்கல்ல? நெஜக் கீரி எதுவும் அந்தப் பக்கம் வர்ல போல. பயிற்சி குடுத்த சாரே வெரலால அழுத்தி வெச்சிருக்காரு. மோதிரம் பட்ட கோடுகூடக் கீது.”

“இருந்தா இன்னா? வேல வேணும்னா கீரின்னு எழுதிட்டு வரவேண்டியதுதானே.”

“கீரி மோதிரம் போடுமாக்கா?”

பெரியவள் மடியில் இருந்த பையின் வாரை இழுத்துச் சரிசெய்தாள்.

“சரி, நீ இன்னா எழுதுனக்கா?”

பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின.

“நானும் சார்னுதான் எழுதுனேன். எடது கைன்னு சேத்து எழுதிட்டேன்.”